பதிவு முடிந்தது, தாலி இன்னும் கட்டவில்லை: கிறீன் கார்ட் லொத்தரில் நான் தனியாளா?

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 30. ஒரு கட்டடப்பொருள் விற்பனை நிலையத்தில் கணக்கெழுதுகிறேன். உயர்தரத்தில் வணிகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. 2024 செப்டெம்பரில் எனக்கும் நான் விரும்பிய பெண்ணுக்கும் கலியாணப் பதிவு நடந்தது. தாலி கட்டு தையில் என்று பெரியவர்கள் சொன்னதால் அவர் தன் வீட்டில், நான் என் வீட்டில். அந்த ஒக்டோபரில் கொமினிகேஷன் கடை நடத்தும் ஒருவர் எனக்கு அமெரிக்க லொத்தர் போட்டுவிட்டார். "கலியாணம் முடிந்ததா?" என்று கேட்டார். "இல்லை அண்ணை, தையில்தான்" என்றேன். பிறகு மாமனார் காலமானதால் தாலி கட்டு தள்ளிப்போய் இன்னும் நடக்கவில்லை.

இந்த மாதம் அவர் "உனக்கு விழுந்திருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். இலக்கத்தைத் தரமாட்டாராம், 18 இலட்சம் ரூபா தந்தால் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவாராம். பதிவு பற்றிச் சொன்னேன். "தாலி கட்டவில்லைதானே, தனியாளாகப் போ, பிறகு மனைவியைக் கூப்பிடலாம். பயமென்றால் பழைய பதிவை ரத்துச் செய்து புதுத் திகதியில் எழுதுவோம்" என்கிறார். என் பிறப்புச் சான்றிதழும் உயர்தரச் சான்றிதழும் அவரிடம்தான் இருக்கின்றன. மனைவி பிறந்தது தமிழ்நாட்டில், மண்டபம் அகதி முகாமில். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இந்த விசா இல்லை என்று சொல்கிறார்கள். மாமியார் சீதனக் காணியில் நாலு பரப்பை விற்கத் தயாராக இருக்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம், தென்மராட்சி

பதில்:

தம்பி, காணியை விற்க வேண்டாம். மாமியாரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

அடுத்தது நீங்கள் கேட்க விரும்பாத பதில். அந்தப் படத்தில் இருப்பது உண்மையிலேயே உங்களுடைய தெரிவாக இருந்தாலும், அந்த விண்ணப்பத்தை வைத்து உங்களுக்கு விசா கிடைக்காது. கடைக்காரருக்கு 18 இலட்சம் கொடுத்தாலும் கிடைக்காது, கொழும்பில் பெரிய சட்டத்தரணி ஒருவரைப் பிடித்தாலும் கிடைக்காது. 2024 செப்டெம்பரில் நடந்த பதிவுதான் காரணம்.

நம் ஊர்களில் பதிவு ஒரு நாள், தாலி கட்டு வேறொரு நாள். இடையில் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஓடிவிடும். வீடு கட்டி முடியவில்லை, தங்கை இருக்கிறாள், வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டது, வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்று ஏதாவது ஒன்று. அந்த இடைவெளியில் "கலியாணம் முடிந்ததா?" என்று யார் கேட்டாலும் "இல்லை" என்றுதான் வாயில் வரும். ஊரும் அப்படித்தான் எண்ணிக்கொள்கிறது. அமெரிக்கக் குடிவரவுச் சட்டமோ, திருமணம் நடந்த நாட்டின் சட்டப்படி அது செல்லுபடியானதா என்று மட்டும் பார்க்கும். பதிவாளர் முன்னால் சாட்சிகளோடு நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட அன்றே இலங்கைச் சட்டத்தில் கணவன் மனைவி ஆகிவிட்டீர்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தீர்களா, விருந்து வைத்தீர்களா என்பதெல்லாம் கணக்கில் வராது.

டி.வி. லொத்தர் என்பது இந்தக் கிறீன் கார்ட் லொத்தரின் பெயர். அதன் விதி இந்த இடத்தில் மிகவும் கறார். விண்ணப்பத்தை அனுப்பும் நாளில் உங்களுக்குச் சட்டப்படி மனைவி இருந்தால் அவருடைய பெயர், பிறந்த திகதி, படம் எல்லாம் படிவத்தில் இருந்தாக வேண்டும். அவர் உங்களோடு அமெரிக்கா வரப்போவதில்லை என்றாலும், நீங்கள் பிரிந்து வாழ்ந்தாலும் போட்டே ஆக வேண்டும். 21 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளுக்கும் இதேதான். விலக்கு இரண்டுதான்: நீதிமன்றத் தீர்ப்பின்படி சட்டபூர்வமாகப் பிரிந்திருப்பது, அல்லது மனைவியோ பிள்ளையோ ஏற்கெனவே அமெரிக்கப் பிரஜையாக அல்லது நிரந்தர வதிவிடம் பெற்றவராக இருப்பது. இரண்டும் உங்களுக்குப் பொருந்தாது. பெயரை விட்டிருந்தால் விண்ணப்பதாரர், மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் தகுதி போய்விடும். அனுப்பிய விண்ணப்பத்தைப் பின்னர் திருத்தவும் வழியில்லை.

திகதி மட்டும் மாறியிருந்தால் கதையே வேறு. ஒக்டோபரில் விண்ணப்பம் போட்டு டிசம்பரில் பதிவு செய்திருந்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது விண்ணப்பத்தில் "திருமணமாகாதவர்" என்றிருந்தது உண்மை. பின்னர், தெரிவானவர்கள் விசாவுக்காக நிரப்பும் டி.எஸ். 260 படிவத்தில் மனைவியைச் சேர்த்து, அது உண்மையான திருமணம்தான் என்பதற்குச் சான்று காட்டி இருவரும் போயிருக்கலாம். உங்கள் விஷயத்தில் ஒரு மாதம் முந்திவிட்டது. கெட்ட காலம் என்பதைத் தவிர வேறு சொல்ல எனக்கும் தெரியவில்லை.

கடைக்காரர் ஊர்ப்பேச்சில் கேட்டார், நீங்கள் ஊர்ப்பேச்சில் பதில் சொன்னீர்கள். ஆனால் படிவம் அப்படிக் கேட்பதில்லை. திருமணமாகாதவர், திருமணமானவர், விவாகரத்துப் பெற்றவர், துணையை இழந்தவர், சட்டபூர்வமாகப் பிரிந்தவர் என்று தெரிவுகள் வரிசையாக இருக்கும். திருமணமானவர் என்பதே இரண்டு: துணை அமெரிக்கப் பிரஜையோ நிரந்தர வதிவிடம் பெற்றவரோ இல்லை, அல்லது ஆம். காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்புகிறவர் இவற்றை உங்களுக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். "பதிவு நடந்ததா?" என்ற ஒரே கேள்வி போதுமாக இருந்தது. அதைச் செய்யாதவர்தான் இப்போது 18 இலட்சம் கேட்கிறார்.

இனி அவர் சொல்லும் இரண்டு வழிகள். இந்தக் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாதது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"தனியாளாகப் போ, பிறகு கூப்பிடலாம்" என்கிறார். அப்படிப் போக வேண்டுமானால் டி.எஸ். 260 படிவத்தில் திருமணமாகாதவர் என்று நீங்களே எழுதி, நேர்முகத்தில் அதிகாரியின் முன் வலக்கையை உயர்த்தி, எழுதியதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். முதல் விண்ணப்பத்தில் நடந்தது அறியாமல் நடந்தது. இது அறிந்தே சொல்லும் பொய். விசா பெறுவதற்காக முக்கியமான விவரமொன்றைத் திரித்துச் சொன்னவர் என்று அதிகாரி ஒருமுறை முடிவெடுத்துவிட்டால், அமெரிக்காவுக்குள் நுழைய வாழ்நாள் தடை. லொத்தருக்கு மட்டுமான தடை அல்ல அது. நாளைக்கு உங்களுக்கு அங்கே வேலை கிடைத்தாலும், மனைவி அங்கே படிக்கப் போய் நீங்கள் துணைவராகப் போக விரும்பினாலும் அந்தக் குறிப்பு கணினியில் எழுந்து நிற்கும். குடிவரவு விசாவுக்கு விதிவிலக்குக் கோரலாம்தான். ஆனால் அதற்கு அமெரிக்கப் பிரஜையான அல்லது நிரந்தர வதிவிடம் பெற்ற துணையோ பெற்றோரோ இருந்து, நீங்கள் வராவிட்டால் அவர்களுக்குக் கடும் துன்பம் நேரும் என்று நிறுவ வேண்டும். உங்களுக்கு அப்படி யாரும் இருப்பதாகக் கடிதத்தில் இல்லை.

"நேர்முகத்தில் கண்டுபிடிக்கமாட்டார்கள்" என்று அவர் சொல்லக்கூடும். அன்றைக்குக் கண்டுபிடிக்காமலும் போகலாம். அதற்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து, கிறீன் கார்ட் கைக்கு வந்து, மனைவிக்காக மனுப் போடுகிறீர்கள். அந்த மனுவோடு இணைக்க வேண்டிய முதல் ஆவணம் திருமணச் சான்றிதழ். அதில் 2024 செப்டெம்பர் என்றிருக்கிறது. உங்களுடைய விசாக் கோப்பில் திருமணமாகாதவர் என்றிருக்கிறது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு எழுதுவினைஞர் போதும். மனைவியின் மனு நிற்பதோடு முடியாது, உங்களுடைய கிறீன் கார்ட்டும் பொய்யால் பெறப்பட்டதாகி, நாடுகடத்தும் வழக்கு வரை போகும். மனைவிக்கு மனுவே போடாமல் இருந்தாலும் ஐந்து ஆண்டு கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போது யாரைத் திருமணம் செய்தீர்கள் என்று மறுபடியும் கேட்பார்கள். இந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்கு மனைவியைக் கடைசிவரை ஊரிலேயே விட்டுவைக்க வேண்டும். அதற்கா இவ்வளவு பாடு?

இரண்டாவது வழி, பதிவை ரத்துச் செய்து புதுத் திகதியில் எழுதுவது. திருமணப் பதிவு கடைக்காரர் நினைப்பது போல அழித்து எழுதக்கூடிய பற்றுச்சீட்டு அல்ல. சட்டப்படி செய்த பதிவை நீக்க மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து அல்லது திருமணம் செல்லாது என்ற தீர்ப்பு வேண்டும். இலங்கையின் பொதுச் சட்டத்தில் பிறர்மனை உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், தீராத ஆண்மைக் குறைபாடு போன்ற காரணங்களை நிறுவினால்தான் விவாகரத்து. ஒருவரையொருவர் விரும்பிக் கலியாணம் செய்த நீங்கள் இருவரும் நீதிபதியின் முன் போய் இதில் எதைச் சொல்லப் போகிறீர்கள்? சொன்னாலும் பயனில்லை. விதி பார்ப்பது விண்ணப்பம் அனுப்பிய நாளை. அன்று நீங்கள் திருமணமானவர். இன்று விவாகரத்துப் பெறுவதால் அன்றைய நிலை மாறாது. நீதிமன்றத்துக்குப் போகாமல் "எனக்குத் தெரிந்த பதிவாளர் இருக்கிறார், செய்து தருவார்" என்று பேசினால் அது போலி ஆவணம். அந்தப் பேச்சு தொடங்கியதும் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது நீங்கள் இருக்கும் இடம் அவ்வளவு மோசமில்லை. ஒரு வாய்ப்புப் போய்விட்டது, அவ்வளவுதான். பெயரை விட்டதற்காக மட்டும் வாழ்நாள் தடை தானாக வந்துவிடாது. கடைக்காரரின் சொல்லைக் கேட்டு அடுத்த அடி வைத்தால்தான் வரும்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய அந்த வாட்ஸ்அப் படத்துக்கு வருகிறேன். பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கழுகுச் சின்னம், பின்னணியில் அமெரிக்கக் கொடி, நடுவில் தடித்த எழுத்தில் வாழ்த்து, கீழே உங்கள் பெயர். கோப்பு இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் "2026 ஏ.எஸ்." என்பது மட்டும் தெரிய, மீதியைக் கறுப்பு மை பூசி மறைத்திருக்கிறார். ஆசியப் பிராந்தியத்துக் கோப்புகள் அப்படித்தான் தொடங்கும் என்பது சரி. ஆனால் அதை இணையத்தில் பார்த்து யாரும் எழுதலாம். கொடியும் வாழ்த்தும்தான் எனக்குச் சந்தேகம் தருகின்றன. இந்தத் திட்டத்தில் தெரிவானவர்களுக்கு அமெரிக்க அரசு கடிதமோ வாழ்த்து மின்னஞ்சலோ அனுப்புவதில்லை. தெரிவை அறிய ஒரே வழி, வெளியுறவுத் திணைக்களத்தின் டி.வி. இணையத்தளத்தில், விண்ணப்பம் அனுப்பியதும் கிடைக்கும் உறுதிப்படுத்தல் இலக்கம், குடும்பப் பெயர், பிறந்த ஆண்டு மூன்றையும் கொடுத்து நீங்களே பார்ப்பதுதான். அந்தத் தளத்தின் முகவரி 'டொட் கவ்' என்று முடியும். வேறு எப்படி முடிந்தாலும் அது அவர்களுடையது அல்ல.

உறுதிப்படுத்தல் இலக்கத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பேரம் பேசுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. இலக்கம் தொலைந்தால் மீட்டெடுக்க அதே தளத்தில் வசதி உண்டு. பெயர், பிறந்த திகதி, விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சல் முகவரி இவற்றைக் கேட்கும். உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. இவர்கள் பெரும்பாலும் தங்களுடைய முகவரியைத்தான் போடுவார்கள். அப்படியானால் அவரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டுப் பாருங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். பயன்படுத்த முடியாத ஒரு தெரிவுக்காக அவரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. 2024 ஒக்டோபரில் நீங்கள் விண்ணப்பித்தது 2026 சுற்றுக்கு, அதன் முடிவு 2025 மே மாதம் வெளிவந்தது என்பதையும் கவனியுங்கள். அப்போதே பார்த்திருக்கக்கூடிய மனிதர் ஏன் இத்தனை மாதம் கழித்துச் சொல்கிறார்? "காலம் முடியப் போகிறது, உடனே காசு கட்டு" என்று நெருக்குவதற்கு இதைவிட வசதி வேறில்லை.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. லொத்தர் விழுந்தது என்றால் விசா கிடைத்தது என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். கேக் வெட்டியவர்கள்கூட உண்டு. கிடைத்திருப்பது அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் தரும் துண்டு மாதிரி வெறும் வரிசை இலக்கம். டொக்டர் எழும்பிப் போவதற்குள் உங்கள் இலக்கம் வந்தால் உண்டு. 2025 சுற்றுக்குத் தகுதியான விண்ணப்பங்கள் ஏறத்தாழ 1 கோடியே 99 இலட்சம் வந்தன. குடும்பத்தவரையும் சேர்த்துச் சுமார் 1,31,000 பேரைத் தெரிவு செய்தார்கள். ஆண்டுக்குக் கொடுக்கக்கூடிய விசாக்களோ 55,000க்கு மேற்படாது. எந்த நாட்டுக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு மாதமும் வரும் விசா புல்லட்டினில் ஆசியாவுக்கு எந்த இலக்கம் வரை அழைக்கிறார்கள் என்று போட்டிருக்கும். உங்கள் இலக்கம் அதற்கு மேலே இருந்தால் காத்திருக்க வேண்டும். காத்திருப்புக்கும் எல்லை உண்டு. அமெரிக்க நிதியாண்டு செப்டெம்பர் 30 அன்று முடிகிறது. அன்றிரவுக்குள் விசா கைக்கு வராவிட்டால் அந்தத் தெரிவு காலாவதி. அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது.

2026 சுற்றுக்காரர்களுக்கு இதற்கு மேலும் ஒரு இடி விழுந்திருக்கிறது. 2025 டிசம்பர் 18 அன்று அமெரிக்காவின் அப்போதைய உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலாளர் கிறிஸ்டி நோயம் இந்தத் திட்டத்தை இடைநிறுத்துவதாக அறிவித்தார். அந்த மாதம் பிரௌன் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டின் சந்தேக நபர், 2017 இல் இதே வழியில் கிறீன் கார்ட் பெற்றவர் என்பது சொல்லப்பட்ட காரணம். வெளியுறவுத் திணைக்களம் டி.வி. விசா வழங்குவதையும் நிறுத்தியது. "நிறுத்தினால் என்ன, வழக்குப் போட்டு வாங்கலாம்" என்று சில முகவர்கள் நம்பிக்கையூட்டி அதற்கும் தனியாகக் காசு கேட்கிறார்கள். 2020 இல் கொவிட் காலத் தடை வந்தபோது வொஷிங்டன் மாவட்ட நீதிபதி அமித் மேத்தா, அந்தச் சுற்றுக்கென 9,095 விசாக்களை ஒதுக்கிவைக்கும்படி உத்தரவிட்டது உண்மை. ஆனால் 2024 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், நிதியாண்டு முடிந்த பிறகு விசா கொடுக்கும்படி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று தீர்த்துவிட்டது. ஆகவே இந்தச் சுற்றில் எல்லாத் தகுதியும் உள்ளவர்கள்கூட வேலையை விடாமல், சொத்தை விற்காமல், தளத்தில் வரும் அறிவித்தலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் புத்தி.

உங்கள் மனைவி பிறந்த இடம் பற்றி. இந்தத் திட்டத்தில் பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. முந்தைய ஐந்து ஆண்டுகளில் 50,000 பேருக்கு மேல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த நாடுகளுக்கு இதில் இடமில்லை. அதனால்தான் இந்தியா வெளியே இருக்கிறது, இலங்கை உள்ளே இருக்கிறது. போர்க்காலத்தில் தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து, பிறகு ஊர் திரும்பிய நம் பிள்ளைகள் பலருக்கு இந்தச் சிக்கல் உண்டு. கையில் இலங்கைக் கடவுச்சீட்டு இருக்கும், பிறந்த இடம் இராமநாதபுரம் மாவட்டம் என்றிருக்கும். பதறத் தேவையில்லை. இலங்கையில் பிறந்த நீங்கள் விண்ணப்பதாரராக இருந்து, அவர் உங்கள் மனைவியாக உங்களோடு வருவதானால், அவர் எங்கே பிறந்தார் என்பது தடையே அல்ல. அவர் தன் பெயரிலும் தனியாக ஒரு விண்ணப்பம் போடலாம். பிறந்த நாடு என்ற இடத்தில் இந்தியா என்று உண்மையையே எழுதி, தகுதி கோரும் நாடாகக் கணவன் பிறந்த இலங்கையைக் காட்ட விதி இடம் தருகிறது. அப்படிச் செய்தால் நீங்கள் அந்த விண்ணப்பத்தில் இருக்க வேண்டும், இருவருக்கும் விசா கிடைக்க வேண்டும், இருவரும் ஒன்றாகவே நாட்டுக்குள் நுழைய வேண்டும். ஆளுக்கொரு விண்ணப்பம் என்றால் வாய்ப்பும் இரண்டு. ஒருவர் பெயரில் இரண்டு போட்டால்தான் இரண்டும் கழிக்கப்படும்.

பதிவு மறுபடி திறக்கும்போது போடுங்கள் என்பதே என் ஆலோசனை. உயர்தரம் மூன்று பாடமும் சித்தியடைந்தவருக்குக் கல்வித் தகுதியில் கவலை இல்லை. (12 ஆண்டுப் பள்ளிப்படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பது விதி. சாதாரண தரத்தோடு நின்றவர்கள், இரண்டு ஆண்டுப் பயிற்சியோ அனுபவமோ தேவைப்படும் தொழில் ஒன்றில் கடந்த ஐந்து ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு வேலை செய்ததைக் காட்ட வேண்டிவரும். சில தொழில்கள்தான் அதற்குப் பொருந்தும்.) நெடுங்காலம் இலவசமாக இருந்த பதிவுக்கு 2025 இல் 1 டொலர் கட்டணம் கொண்டுவந்தார்கள். கடவுச்சீட்டு விவரத்தையும் பிரதியையும் கேட்கும் விதியொன்றை அதே ஆண்டில் முன்மொழிந்தார்கள். எனவே இருவரும் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருப்பது நல்லது.

அடுத்த முறை படிவத்தை நீங்களே நிரப்புங்கள். கடையில் கணக்கெழுதுகிறவருக்கு அது பெரிய வேலையல்ல, அரை மணி நேரம் போதும். மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். மனைவியின் பெயரும் பிறந்த திகதியும் கடவுச்சீட்டில் உள்ளபடியே. படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். சென்ற ஆண்டுப் படத்தையே கடைகளில் மறுபடி ஏற்றிவிடுகிறார்கள், அதனால் மட்டுமே தகுதி இழந்தவர்கள் உண்டு. கடைசியில் வரும் உறுதிப்படுத்தல் பக்கத்தை அச்செடுத்து, படமாகவும் இருவருடைய போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் குழந்தை பிறந்திருந்தால் அதன் பெயரும் படமும் கட்டாயம் சேர வேண்டும்.

18 இலட்சம் எதற்கு என்று அவரிடம் நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். உண்மையான செலவு இவ்வளவுதான்: நேர்முகத்தின்போது தூதரகக் காசாளரிடம் ஆளுக்கு 330 டொலர், நம் காசில் சுமார் ஒரு இலட்சம் ரூபா. தூதரகம் அங்கீகரித்த மருத்துவரின் பரிசோதனைக் கட்டணம், பொலிஸ் சான்றிதழ், விசா கிடைத்தால் பயணத்துக்கு முன் குடிவரவுச் சேவைக்குக் கட்டும் 235 டொலர், பிறகு விமான டிக்கெட். இதில் எதையும் கொமினிகேஷன் கடையில் கட்ட வேண்டியதில்லை. போய் இறங்கியதும் சில மாதச் செலவுக்குக் கையில் பணம் வேண்டும் என்பது உண்மை. அது உங்கள் கையில் இருக்க வேண்டிய பணம், அவருடையதில் அல்ல. சீதனக் காணி உங்கள் மனைவியுடையது என்பதையும் மறக்க வேண்டாம்.

அவரிடம் சிக்கியிருக்கும் சான்றிதழ்களுக்காகப் பயப்படாதீர்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் மறுபடி பெறலாம். அவை இருப்பதால் உங்கள் பிடி தன்னிடம் இருப்பதாக அவர் நினைக்கிறார். தனியாகப் போகாமல் வீட்டில் பெரியவர் ஒருவரோடு போய், "லொத்தர் விஷயத்தை விட்டுவிட்டேன், சான்றிதழ்களைத் தாருங்கள்" என்று மட்டும் கேளுங்கள். சட்டம் பேச வேண்டாம், விவாதம் வேண்டாம். தர மறுத்தால் சாவகச்சேரி பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுங்கள். பதிவை மறைக்கச் சொன்னதும் பணம் கேட்டதும் வாட்ஸ்அப்பில் இருந்தால் அழிக்காமல் எடுத்து வையுங்கள், கொழும்பிலுள்ள தூதரகத்தின் விசாப் பிரிவுக்கும் அதை அனுப்பலாம். முற்பணம் ஏதும் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் வங்கிச் சீட்டை அந்த முறைப்பாட்டோடு இணையுங்கள். டி.எஸ். 260 படிவத்தை உங்கள் பெயரில் அவர் ஏற்கெனவே அனுப்பிவிட்டாரா என்பதையும் கேட்டறியுங்கள். அனுப்பி, அதில் திருமணமாகாதவர் என்றிருந்தால் எதையும் செய்வதற்கு முன் எனக்கு உடனே எழுதுங்கள்.